கழுகின் கண்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். ஆகாயத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த மலைவாசிப் பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்தக் காலத்திலே மாடு செத்தா மோப்பம் பிடிச்சுக் கழுகு கூட்டமா வருமுங்க. இப்போ ஒண்ணுகூட வர்றதில்லை" என்றார்.

மோப்பம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுக்கு எல்லாம் கண்தான். இலங்கையிலிருந்த சீதையைக் கடலுக்கு இப்பால் இருந்தே கண்ட சம்பாதியும் கழுகுதானே! 'பீகிள்' கப்பலில் (1831-36) உலகம் சுற்றிய சார்லஸ் டார்வின், சிலி நாட்டு வால்பரைசோவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். கட்டிப் போட்டிருந்த காண்டார் கழுகுகளின் முன்னால், வெள்ளைக் காகிதத்தில் பொதிந்த இறைச்சியோடு நடந்தார். ஒன்றும் சட்டை செய்யவில்லை. பொட்டலம் ஒரு கிழக் கழுகின் அலகில் பட்ட பிறகுதான் காகிதம் கிழிந்தது. உடனே வரிசை முழுவதும் சிறகடித்துத் துடித்தது.

வெயில் ஏறியதும், மேலெழும் சூடான காற்றில் கழுகு சிறகை அசைக்காமலே உயர்கிறது. தரையை மாத்திரமல்ல, தூரத்தில் பறக்கும் மற்றக் கழுகுகளையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று இறங்கினால் அதைக் கண்டு அடுத்தது. அதைக் கண்டு இன்னொன்று. கூட்டம் சேர்வது இப்படித்தான்.

அந்தக் கூட்டமே அவற்றுக்கு எமனாயிற்று. மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடம்பில் தங்கிவிடும். தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, சில நாளில் உயிர் போகும். ஒரு மாட்டைச் சுற்றி எத்தனை கழுகுகள்! 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துவிட்டன. காரணம் 2004-ல்தான் தெரிந்தது. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை அரசு தடை செய்தது.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த இரண்டு கழுகுகளைச் சிறு வயதில் நானே பார்த்திருக்கிறேன். 1990-களின் இறுதிக்குப் பிறகு அவையும் வரவில்லை. இன்று தமிழ்நாட்டில் கழுகைப் பார்க்க முதுமலை, மோயாறு பக்கம்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்கு மருந்து கொடுத்தது நாமதானுங்களே" என்றார்.