வளைந்தவர் நிமிர்த்திய தூண்

ஊரிலிருந்து உறவினர் வந்தால், தில்லித் தமிழராகிய நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று குதுப்மினார். அங்குள்ள பழைய பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணைச் சுற்றி இன்று வேலி உண்டு. 1997-ஆம் ஆண்டுக்கு முன்னர் அவ்வேலி இல்லை. தூணில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் பின்புறமாக வளைத்து, விரல்களைக் கோத்துவிடுவோர் எண்ணியதை எய்துவர் என்றொரு நம்பிக்கை நிலவியது. தூணின் அடிப்பகுதியில் சுற்றளவு நான்கு அடிக்கு மேல். நாமும் இளமையில் மார்பை முன்னே தள்ளித் தோள்கள் நோக முயன்றதுண்டு. விரல்கள் சேரவில்லை. அருகில் நின்ற பெரியவர் ஒருவர் நம் மணிக்கட்டுகளைப் பற்றி இழுத்துச் சேர்த்துவிட்டார். அதனை நம் வலிமை என்றே அன்று நம்பினோம்.

உண்மையான வலிமை யாருடையது? தூணின் மொத்த உயரம் ஏறத்தாழ 7.2 மீட்டர், எடை 6 டன்னுக்கு மேல். சந்திரன் என்னும் மன்னனின் வெற்றிகளைப் பாடி, இது திருமாலுக்கு எடுத்த கொடித்தூண் என்கின்றன இதில் பொறித்துள்ள வடமொழிப் பாக்கள். அம்மன்னன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிபு. வேறோரிடத்தில் நாட்டப்பட்டுப் பின்னர் இங்குக் கொணரப்பட்ட தூண் இது. முன்பு நின்ற இடம் விதிசைக்கு அருகிலுள்ள உதயகிரி என ஆய்வாளர் பலர் கருதுவர்.

இத்தூண் அச்சில் வார்த்ததன்று. இரும்பை நீராய் உருக்க 1,500 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். அக்காலத்து உலை அதனைத் தரவில்லை. மரக்கரியில் வெந்து, கசடு கலந்த கட்டியாகவே இரும்பு கிடைத்தது. அதனைக் காய்ச்சி அடித்துக் கசடு நீக்கினர். 20 முதல் 30 கிலோ வரை எடையுள்ள அக்கட்டிகளைச் செங்கனலாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து ஒட்டியே தூணை வளர்த்தனர். கணக்கிட்டால் கட்டிகள் இருநூறுக்குக் குறையா. ஒவ்வொரு கட்டிக்கும் துருத்தி ஊதியவன் குனிந்தான். சம்மட்டி ஓங்கியவன் வளைந்து நிமிர்ந்தான். அவர்கள் முதுகு வளைந்ததனால் தூண் நிமிர்ந்தது.

பதினாறு நூற்றாண்டு வெயிலும் மழையும் இத்தூணை அரிக்காததன் காரணத்தைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000-ஆம் ஆண்டில் விளக்கினார். பழைய உலையில் சுண்ணாம்புக்கல் இடாததால் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. இரும்பை நொறுங்கச் செய்யும் என்று இன்றைய ஆலைகள் நீக்கும் அப்பொருளே, தூணின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகத் துணை நின்றது. குறையே காவலாயிற்று!

அப்படலத்தைத் தேய்த்தவர் யார்? நாமேதான். தழுவியவர் உடலும் கையும் ஓயாது உரசியதால், ஆள் உயரத்தில் தூண் மெருகேறிப் பளபளத்தது. வேலி எழுந்தது அதனால்தான். செய்வதற்காக வளைந்தவர் காத்த பொருளை, வலிமை காட்ட வளைந்த நாம் தேய்த்தோம்.

தூணில் மன்னன் பெயர் உண்டு. கொல்லன் பெயர் இல்லை. புறநானூற்றில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவர் கடமைகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பாடினார். அங்கும் கொல்லனுக்குப் பெயரில்லை. ஆயினும் வேந்தனுக்கு முன்னே இடம் உண்டு.

அடுத்தமுறை நம் மக்களை அங்கு அழைத்துச் செல்லுங்கால், கைக்கு எட்டாமற் போயிற்றே என வருந்த வேண்டா. வேலிக்கு இப்பால் நின்று, தூணின் மேல் இன்றும் தெரியும் சம்மட்டித் தடங்களைச் சுட்டிக்காட்டுவோம். பெயரில்லாக் கொல்லர் இட்ட கையெழுத்து அதுவே அன்றோ!