கிராஞ்சித் தூணில் இருக்கும் பெயர்கள் – தை அமாவாசைக்கு முன் ஒரு நினைவு

 

தை அமாவாசை வருது. வழக்கம்போல காலையில தர்ப்பணம் நடக்கும். எள்ளு, தர்ப்பை, செம்பு எல்லாம் எடுத்து வைக்கிறது எங்க தொண்டூழியர் குழு வேலை. போன வருஷம் அந்த வேலை நடக்கும்போது பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி கேட்டார்: "அங்கிள், எந்த நாள்ல இறந்தாங்கன்னே தெரியாது, உடம்பும் கிடைக்கலைன்னா, அவங்களுக்கு யாரு தண்ணி விடுவாங்க?"

பக்கத்தில் இருந்த ஐயர் பதில் சொன்னார். திதி தெரியாதவங்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம். தாய் தகப்பன், உற்றார் உறவினர் யாருமே இல்லாமல் போனவங்களுக்கும் கடைசியில் ஒரு கை தண்ணீர் விடுறோம், அதில் அவங்க எல்லாரும் அடக்கம் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு கிராஞ்சி போர் நினைவிடம்தான் ஞாபகம் வந்தது. உட்லண்ட்ஸில் இருக்கிற நமக்கு அது பக்கத்து வீடு மாதிரி. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்போம். ஆனால் உள்ளே போனவங்க நம்மில் எத்தனை பேர்?

மேட்டின் உச்சியில் வெள்ளையாக ஒரு பெரிய மண்டபம் தெரியும். அதன் கூரை விமானத்தின் இறக்கை மாதிரி நீண்டு இருக்கும். நடுவில் வால் மாதிரி ஒரு கோபுரம் உயர்ந்து நிற்கும். கூரையைத் தாங்கும் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கு. கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் அவை. இந்த மண்டபத்தை 1957 மார்ச் 2ஆம் தேதி திறந்தார்கள். தென்கிழக்கு ஆசியாவின் காட்டிலும் கடலிலும் விழுந்து காணாமல் போன விமானக்காரர்களின் பெயரும் அங்கேதான் இருக்கு.

அப்படிப் போனவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

1942 ஜனவரி 26. இந்தியாவில் 1930 முதல் அந்த நாளை சுதந்திர உறுதிமொழி நாளாகக் கொண்டாடினார்கள். பிறகு அதுவே குடியரசு நாள் ஆனது. அதே நாள் காலையில் ஜொகூரின் கிழக்குக் கரையில், எண்டாவ் என்ற ஊருக்கு எதிரே, ஜப்பானியக் கப்பல்கள் வந்து நின்றன. வேவு பார்க்கப் போன விமானங்கள் அதைக் கண்டுவிட்டன. ஆனால் ரேடியோவில் செய்தி வந்து சேரவில்லை. அவர்கள் திரும்பி வந்து நேரில் சொன்ன பிறகுதான் சிங்கப்பூருக்குத் தெரிந்தது.

குண்டு போட சிலேத்தாரில் இருந்தவை முக்கியமாக வில்டபீஸ்ட் என்ற விமானங்கள். 1928இல் முதலில் பறந்த பழைய மாடல். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, மேலே துணி போர்த்தியது. மூடி இல்லாத இருக்கைகள். சக்கரம் உள்ளே மடங்காது. குண்டைச் சுமந்து பறக்கும்போது மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர் வேகம்தான். எதிரே காத்திருந்த ஜப்பானியச் சண்டை விமானங்கள் 450 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்.

ஒரு வில்டபீஸ்டில் மூன்று பேர். முன்னால் ஓட்டுபவர், நடுவில் வழி பார்ப்பவர், பின்னால் ரேடியோவையும் துப்பாக்கியையும் கவனிப்பவர். பின்னால் இருப்பவர் பெரும்பாலும் சாதாரண சார்ஜென்ட், இருபது சொச்சம் வயசு. அவர் வாலைப் பார்த்துத் துப்பாக்கியைப் பிடித்திருப்பார். துரத்தி வருகிற விமானத்தை முதலில் பார்ப்பவர் அவர்தான். பார்த்த பிறகு தப்பி ஓடவும் அந்த விமானத்துக்கு வேகம் கிடையாது.

நான் ஆலையில் மேற்பார்வையாளர் வேலை பார்க்கிறவன். இந்தக் கதையில் என் மனசில் தைத்தது இன்னொரு விஷயம். அந்த ஆட்கள் முந்தின ராத்திரியும் பறந்துவிட்டு வந்தவர்கள். அதனால்தான் உடனே கிளம்ப முடியாமல் மத்தியானம் ஆனது. ராத்திரி ஷிப்ட் முடித்தவனைப் பகலில் பழைய மெஷினில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ராத்திரியில் பறப்பதற்குத்தான் அந்த விமானம் லாயக்கு. அன்றைக்கு அவர்களை அனுப்பியது பட்டப்பகலில்.

முதல் அணியில் 12 வில்டபீஸ்ட், 9 ஹட்சன் விமானங்கள் போயின. எண்டாவ் இங்கிருந்து வடக்கே சுமார் 140 கிலோமீட்டர். மத்தியானம் மூன்று மணி அளவில் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து வில்டபீஸ்ட் திரும்பவில்லை. 100ஆம் அணியின் தலைவர் ரோலண்டும் அதில் போனார்.

அது தெரிந்த பிறகும் இரண்டாவது அணி கிளம்பியது. 9 வில்டபீஸ்ட், அதே மாதிரி இரட்டை இறக்கை வைத்த 3 அல்பகோர். காவலுக்குப் போக வேண்டிய சண்டை விமானங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் ஐந்து வில்டபீஸ்ட், இரண்டு அல்பகோர் விழுந்தன. 36ஆம் அணியின் தலைவர் மார்க்கமும் இறந்தார்.

கணக்குப் பார்த்தால், போன 24 பழைய விமானங்களில் 12 திரும்பவில்லை. சரிபாதி. இரண்டு கப்பல்களின் மேல் குண்டு பட்டது உண்மை. ஆனால் ஜப்பானியர் இறங்குவதை நிறுத்த முடியவில்லை. விழுந்தவர்களில் சிலர் காட்டு வழியாக நடந்து உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் அந்தக் காட்டோடும் கடலோடும் போய்விட்டார்கள்.

ஐந்து நாள் கழித்து, ஜனவரி 31ஆம் தேதி, நம்ம உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை உடைத்தார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டு அன்றைக்கு, சிங்கப்பூர் சரணடைந்தது. கிராஞ்சியில் கைதிகள் முகாம் வந்தது. பக்கத்தில், இதே உட்லண்ட்ஸில், கைதிகளுக்கு ஒரு மருத்துவமனை. அந்தக் கைதிகள் தங்கள் கூட்டாளிகளைப் புதைத்த சின்ன இடம்தான் பிறகு வளர்ந்து இன்றைய கிராஞ்சிக் கல்லறைத் தோட்டம் ஆனது.

இதைச் சொன்னால் சிலர் கேட்பாங்க: "வெள்ளைக்காரன் நம்மளை ஆண்டவன். அவன் சண்டையில் அவன் செத்தான். நமக்கென்ன?" கேள்வி நியாயம்தான். நம்ம பெரியவங்க பல பேர் அப்போ நேதாஜி பின்னால் போனவங்க. அந்த மரியாதை என் மனசில் குறையவே இல்லை.

ஆனால் மகாபாரதத்தை நினைச்சுப் பாருங்க. போர் முடிந்ததும் தருமர் கங்கைக் கரையில் நீர்க்கடன் கொடுக்கிறார். தன் பக்கம் இறந்தவங்களுக்கு மட்டுமா? அப்போதுதான் குந்தி வாயைத் திறந்து, கர்ணனுக்கும் தண்ணி விடுப்பா, அவன் உன் அண்ணன் என்கிறாள். பதினேழு நாள் வரைக்கும் எதிரி. தண்ணீர் விடும்போது அண்ணன். நம்ம தர்மம் செத்தவனிடம் கட்சி கேட்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. அந்த மண்டபத்துக்குப் பின்னால், பலர் போய்ப் பார்க்காத ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. கிட்டத்தட்ட 800 பேருக்கானது. பெரும்பாலும் இந்தியப் படையினர். அவரவர் மத முறைப்படி தகனம் செய்யப்பட்டவர்கள். நம்ம சாமியைக் கும்பிட்டவங்க, நம்ம மாதிரியே எரிக்கப்பட்டவங்க. அவங்களுக்கு யார் எள்ளும் தண்ணியும் விட்டது?

கடைசியா என் வீட்டு விஷயம் ஒன்று. எங்க தாத்தாவின் தம்பி ஜொகூரில் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடக் கூட்டிப் போனார்கள். திரும்பவே இல்லை. அப்படிப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். சின்னத் தாத்தா பேர் எந்தத் தூணிலும் கிடையாது. தாத்தா சாகும்வரை தை அமாவாசைக்கு அவர் பேரைச் சொல்லித் தண்ணி விட்டார். இப்போ நான் விடுறேன்.

அதனாலதான் கிராஞ்சித் தூணில் யாரோ ஒரு சார்ஜென்ட் பேரைத் தடவிப் பார்க்கும்போது எனக்கு அது வெள்ளைக்காரன் பேராகத் தெரியலை. எங்கேயோ ஒரு அம்மா வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க, எங்க பாட்டி இருந்த மாதிரி. அந்த அம்மாவுக்கு இந்தத் தூணாவது கிடைத்தது.

வர்ற அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலை பூஜை முடிந்ததும் நாங்க சில பேர் கிராஞ்சிக்குப் போறோம். விருப்பம் உள்ளவங்க வாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. கொஞ்சம் உதிரிப்பூ போதும். அங்கே கற்பூரம், தீபம் எதுவும் ஏற்ற வேண்டாம், சத்தமும் வேண்டாம். வெயில் இருக்கும், தண்ணி பாட்டில் கொண்டு வாங்க. ஆளுக்கு ஒரு பேரைத் தூணில் பார்த்து மனசில் வச்சுக்குங்க.

அமாவாசை அன்றைக்கு யாருமில்லாதவங்களுக்குன்னு கடைசியாக அந்த ஒரு கை தண்ணீர் விடும்போது, அந்தப் பேரையும் நினைச்சுக்குங்க. நான் கேட்கிறது அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஈசன் துணை இருக்கட்டும். சிவாய நம.