உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை: கொலஸ்ட்ராலைக் கவனிப்போம்

குளுவாங், லாபிஸ், ரெங்கம், கூலாய் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவி, பால் வாளி சுமந்து நடந்தவர்களுக்கு மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு தேவைப்பட்டது. அவர்களின் பிள்ளைகள் பலர் இன்று பாசிர் கூடாங், ஸ்கூடாய், மாசாய் பகுதிகளில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கின்றனர். நடை குறைந்துவிட்டது, சோற்றின் அளவு குறையவில்லை. அதோடு ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக் ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். இதில் 13.5 விழுக்காட்டினர் மட்டுமே அதை முன்பே அறிந்திருந்தனர். மீதி 24.6 விழுக்காட்டினருக்கு ஆய்வின் இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது.

காரணம், கொலஸ்ட்ராலுக்கு வலியோ மயக்கமோ கிடையாது. ஒல்லியானவருக்கும் அது இருக்கலாம். இரத்தக் குழாயில் பல ஆண்டுகளாகப் படிந்து, சிலருக்கு மாரடைப்பு அல்லது பக்கவாதமாகவே முதலில் வெளிப்படுகிறது.

உணவில் எதைக் குறைப்பது?

கெட்ட கொலஸ்ட்ராலை (எல்டிஎல்) அதிகம் உயர்த்துவது நிறைவுற்ற கொழுப்பு. நெய், கெட்டித் தேங்காய்ப்பால், ஆட்டுக் கொழுப்பு, கோழித்தோல் ஆகியவற்றில் அது மிகுதி. செம்பனை எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி இதுவே. விருந்து நாளில் உண்பது வேறு, தினமும் உண்பது வேறு. சீனியும் அளவுக்கு மீறிய சோறும் டிரைகிளிசரைடு என்ற மற்றொரு கொழுப்பை உயர்த்தும்.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு-செபாரோ' முறை எளிது: தட்டில் பாதி காய்கறி, பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு. பருப்பு, கடலை, வெண்டைக்காய் ஆகியவற்றின் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும்.

எவ்வளவு நடப்பது?

வாரத்திற்கு 150 நிமிடம், அதாவது நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் வேகநடை போதும். பேசமுடிய வேண்டும், பாடமுடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நடை நல்ல கொலஸ்ட்ராலை உயர்த்தும், டிரைகிளிசரைடைக் குறைக்கும். ஆனால், கெட்ட கொலஸ்ட்ராலை நடையால் மட்டும் அதிகம் குறைக்க இயலாது. அதற்கு உணவுக் கட்டுப்பாடும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும்.

பரிசோதனை

மொத்த கொலஸ்ட்ரால் 5.2 மில்லிமோலுக்குக் கீழ் இருப்பது நல்லது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்களும் தங்களுக்குரிய எல்டிஎல் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அரசாங்க கிளினிக்கில் பரிசோதிக்கலாம். அரசின் உதவித்தொகை பெறும் பி40 குடும்பத்தினரில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

மருந்து எடுப்பவர்கள் அளவு இறங்கியதும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. இறங்கியது மருந்தினால்தான், நிறுத்தினால் மீண்டும் ஏறும்.