ஆகாது, சேராது, ஒத்துக்காது: சென்னையில் ஒவ்வாமையின் கதை

"எனக்குக் கத்தரிக்காய் ஆகாது." "நண்டு சாப்பிட்டா சேராது." "அந்த சோப்பு என் தோலுக்கு ஒத்துக்கல." மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த மூன்றில் ஒன்று காதில் விழும். அலர்ஜி என்ற சொல்லுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1906ல் வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே அதை உருவாக்கினார். ஒருவருக்கு உணவான பொருள் இன்னொருவர் உடம்பில் வேறு மாதிரி வேலை செய்வதைக் குறிக்க மருத்துவத்தில் அந்தப் பெயர் வந்தது. நம் வீடுகளிலோ "ஆகாது" என்ற ஒரே சொல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா? தோல் தடித்து அரிக்கிறவருக்கு வேண்டியது வேறு. எது ஆகாது, எது ஆகும் என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்கச் சென்னைவாசிகள் என்னென்ன வழிகளை வைத்திருந்தார்கள், அவை எங்கே உதவின, எங்கே கைவிட்டன என்று பார்ப்போம்.

பத்தியம்

முதல் வழி பத்தியம். திருக்குறளில் 95வது அதிகாரம் 'மருந்து'. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, உடம்போடு மாறுபடாத உணவை அளவோடு உண்டால் நோய் அண்டாது என்பது அதன் சாரம். பின்னால் வந்த சித்த மருத்துவத்தில் இது பட்டியலாகவே மாறியது. 'இச்சாபத்தியம்' என்ற பெயரில் விலக்க வேண்டிய பொருட்களின் வரிசை ஒன்று உண்டு. கடுகு, நல்லெண்ணெய், கடலை, தேங்காய், மாங்காய், பலா, பெருங்காயம், பூண்டு, பாகல், அகத்தி என்று அது போகும். மருந்தின் வேகம் கெடக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட பட்டியல் இது. தோல் நோய்க்கென்று தனியாகக் 'கரப்பான் பண்டம்' என்ற சொல்லும் இருந்தது. கரப்பான் என்றால் இன்று எக்ஸிமா என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். கத்தரிக்காயும் கருவாடும் கெட்ட பெயர் வாங்கியது இந்தக் கணக்கில்தான்.

இந்த மருத்துவத்துக்குச் சென்னையில் அமைப்பு ரீதியான இடமும் கிடைத்தது. 1905ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் வெங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தைத் தொடங்கினார். சென்னை மாகாண அரசு 1921ல் அமைத்த உஸ்மான் குழு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923ல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1925ல் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. குழுவின் செயலாளராக இருந்த கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்திதான் பள்ளிக்கும் தலைமை ஏற்றார். 1944ல் வைத்தியர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு மருந்து நிறுவனமான இம்காப்ஸ் பிறந்தது. அடையாறைத் தாண்டித் திருவான்மியூரில் அது இன்றும் இருக்கிறது.

பத்தியத்தில் ஒரு நல்ல விஷயமும் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கின்றன. சந்தேகத்துக்குரிய பொருட்களை எல்லாம் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு அடங்குகிறதா என்று தெரிந்துவிடும். இது நல்ல விஷயம். அமெரிக்காவில் ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவர் 1920களின் கடைசியில் 'விலக்கு உணவு முறை' என்று அறிமுகப்படுத்தியதும் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அவர் இரண்டாவது படி ஒன்றையும் வைத்தார். அடங்கிய பிறகு நிறுத்திய பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எதில் தொந்தரவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். நம் பத்தியத்தில் அந்தப் படி இல்லை. 'மறுபத்தியம்' என்று ஒன்று இருந்தாலும் அது மருந்து முடிந்த பிறகும் சில நாள் தொடரும் கட்டுப்பாடுதானே தவிர, குற்றவாளியைப் பிடிக்கும் சோதனை அல்ல. பட்டியலும் எல்லோருக்கும் ஒன்றே. அதனால் நண்டு மட்டுமே ஆகாத ஒருவர் ஆயுள் முழுக்கக் கத்தரிக்காயையும் விட்டுவிட்டு இருக்க நேர்ந்தது.

இதனால் நஷ்டம் இல்லை என்று நினைக்கக்கூடாது. 2015ல் லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த லீப் ஆய்வின் முடிவு வெளியானது. வேர்க்கடலை ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள குழந்தைகள் அவர்கள். சிறு வயதிலிருந்தே வேர்க்கடலை உணவு கொடுக்கப்பட்டவர்களை விட, விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கே ஐந்து வயதில் ஒவ்வாமை பல மடங்கு அதிகமாக இருந்தது. பயந்து ஒதுக்குவதும் இலவசம் அல்ல!

நாட்டு மருந்துக் கடை

இரண்டாவது வழி கடைத்தெரு. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நூறாண்டு கண்ட டப்பா செட்டி கடையைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. டப்பா டப்பாவாகச் சரக்கு வைத்து விற்ற கடை. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், சீயக்காய் என்று எல்லாம் தனித்தனியாக நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வாங்கிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்தால் குளியல் பொடி ரெடி.

இந்த முறையின் பலம் மூலிகையில் இல்லை. பொருட்களைத் தனித்தனியாக வாங்குவதில்தான் இருக்கிறது. பொடி அரிக்கிறது என்றால் அடுத்த தடவை பூலாங்கிழங்கை விட்டுவிட்டு அரைக்கலாம், அதற்கடுத்த தடவை மஞ்சளை விடலாம். ஒன்றும் ஒத்துக்கொள்ளாதவர் வெறும் பச்சைப்பயறு மாவோடு நின்றுகொள்ளலாம். தன் தோலில் என்ன படுகிறது என்பது வாங்குகிறவருக்கு முழுசாகத் தெரியும்.

ஆனால் "இயற்கை என்றால் பயமில்லை" என்பது கட்டுக்கதை. மஞ்சளுக்கும் சந்தன எண்ணெய்க்கும் தோல் ஒவ்வாமை வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். சேராங்கொட்டையைப் பாருங்கள். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்த பிறகுதான் அதை மருந்தாகப் பயன்படுத்துவார்கள். பச்சைப் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அந்தப் பாலை வைத்துத்தான் சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குக் காலர் படும் இடத்தில் புண் வந்தது. அவர்களுடைய மருத்துவர்கள் தேடிப்போனபோது அகப்பட்டது இந்தச் சலவைக் குறிதான். 1943ல் அதைக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

மில்லிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்னால் அரைத்தவருடைய மாவு இயந்திரத்தில் ஒட்டியிருக்கும். கோதுமை ஆகாதவருடைய அரிசி மாவில் கொஞ்சம் கோதுமை சேர்ந்து வருவதற்கு அது போதும்.

சோப்பும் சாஷேவும்

மூன்றாவது வழி தொழிற்சாலை. ரயில்வேயில் மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், தொழிலாளர்களின் தோல் தொந்தரவுக்குத் தன் குடும்ப வழிவந்த மூலிகைத் தைலம் ஒன்றைக் கொடுத்துவந்தார். 1969ல் சென்னையில் அதையே சோப்பாகச் செய்தார். அதுதான் மெடிமிக்ஸ். நோயாளியைப் பார்த்துக் கொடுத்த மருந்து, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் சரக்காக மாறியது.

அடுத்த திருப்பம் கடலூரில். சின்னிகிருஷ்ணன் பொருட்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைக் கொண்டுவந்தார். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். அந்த நிறுவனம்தான் பிறகு சென்னையில் கெவின்கேர் ஆனது. சாஷே இந்திய வியாபாரத்தையே மாற்றியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒவ்வாமைக்காரருக்கும் அது வரப்பிரசாதம் மாதிரித்தான் தெரியும். முழு பாட்டில் வாங்கி ஏமாறாமல் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயில் சோதித்துப் பார்த்துவிடலாமே!

இங்கேதான் ஒரு முரண்பாடு. இந்தியாவின் அழகுசாதன விதிகள் 2020ன்படி பொருட்களின் பட்டியலை உறையில் அச்சிட வேண்டும். ஆனால் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைவான கெட்டிப் பொருளுக்கும் விலக்கு உண்டு. சாஷே அந்த விலக்குக்குள் கச்சிதமாக உட்காருகிறது. குறைந்த காசில் சோதித்துப் பார்க்க உதவும் பாக்கெட்டில்தான், எதைச் சோதிக்கிறோம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பொட்டும் கவரிங்கும்

தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் சாமான்யர்கள் வாங்கும் சின்னச் சின்னப் பொருட்களையும் பார்க்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தின் இடத்தை மலிவான சாயங்கள் பிடித்தன. 1980களில் சிங்கப்பூரில் குங்குமம் வைத்த பெண்களின் நெற்றி கறுத்துப்போனதை ஆராய்ந்த மருத்துவர்கள், சூடான் 1 என்ற சாயத்தை அதில் கண்டார்கள். சரி, ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறலாம் என்றால் அதன் பசையில் வேறு வினை. அதிலுள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் சிலருடைய நெற்றியில் நிறத்தையே அழித்து வெள்ளைப் புள்ளி உண்டாக்கியது. இந்திய மருத்துவர்கள் 1985லும் 1990லும் இதை எழுதினார்கள். கவரிங் நகையில் நிக்கல். இதற்கு ஐரோப்பா 1994லேயே கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நெற்றியில் வெள்ளைப் புள்ளி வந்தால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுபோகும். காரணமோ பொட்டின் பின்னால் இருக்கும் பசை.

முதுகு சொல்லும் சாட்சி

இந்தக் குழப்பத்துக்கு மருத்துவம் கொடுத்த விடை பேட்ச் டெஸ்ட். யோசஃப் யாடஸ்ஸோன் 1895ல் கிராட்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் இதை முன்வைத்தார். சந்தேகப்படும் பொருட்களைத் தனித்தனியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். எந்தக் கட்டம் சிவந்திருக்கிறதோ அதுதான் குற்றவாளி. நம் நாட்டுக்கென்று பார்த்தீனியச் செடியையும் சேர்த்த 'இந்தியத் தொகுப்பு' உண்டு. வீட்டிலும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். புது கிரீமை முழங்கையின் உள்பக்கம் தினம் இரண்டு வேளை, ஒன்றிரண்டு வாரம் தடவிப் பார்க்கலாம். சிவந்தால் அந்த கிரீம் வேண்டாம் என்று தெரியும். கிரீமில் உள்ள எந்தப் பொருள் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதுகும் லேபிளும் வேண்டும். உணவில் மட்டும் இந்த வீட்டுச் சோதனை ஆகாது. உதடு வீங்குகிறது, மூச்சு திணறுகிறது என்றால் மருத்துவர் முன்னிலையில்தான் எதையும் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

லேபிள் என்ன சொல்கிறது?

அடையாறு சூப்பர் மார்க்கெட்டில் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று எழுதிய பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அமெரிக்காவில் இந்த வார்த்தையைப் போட வேண்டுமானால் ஆய்வு ஆதாரம் வேண்டும் என்று 1975ல் அரசு விதி போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1977ல் நீதிமன்றம் விதியைத் தள்ளுபடி செய்தது. ஆகவே அந்த நாட்டிலேயே அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் அர்த்தம் கிடையாது. வாசனைப் பொருட்கள் விஷயத்தில் ஐரோப்பா வேறு வழியில் போனது. 'பெர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருந்த 26 பொருட்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று 2003ல் சட்டம் செய்தது. 2023ல் அந்தப் பட்டியலை 80க்கு மேல் நீட்டியது.

உணவில் இந்தியா முன்னேறித்தான் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியம், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மற்ற கொட்டைகளும், சோயா, அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா இருப்பது சிலருக்கு இந்த வரியைப் பார்த்துத்தான் தெரிகிறது. சாம்பாரில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது பெருங்காய டப்பாவைத்தான்!

ஆனால் இந்தப் பட்டியலில் எள்ளும் கடுகும் இல்லை. ஐரோப்பியப் பட்டியலில் இரண்டும் உண்டு. அமெரிக்கா 2023 முதல் எள்ளைச் சேர்த்துவிட்டது. தாளிப்பு முதல் இட்லி மிளகாய்ப் பொடி வரை தினமும் கடுகும் எள்ளும் சேரும் ஊர் நம்முடையது. அதிலும் கடுகு, 'மசாலாப் பொருட்கள்' என்ற பொதுப் பெயருக்குள் மறைந்துகொள்ள விதி இடம் கொடுக்கிறது. இச்சாபத்தியத்தில் சொன்ன பெயர்களைத் திரும்பப் பாருங்கள். கடுகும் நல்லெண்ணெயும்தான் முதலில் நிற்கின்றன. எழுதியவர்களுடைய காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் விலக்க வேண்டிய பொருளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டப்பா டப்பாவாகப் பிரித்து விற்ற காலத்தில் வாங்குகிறவருக்குத் தானாகக் கிடைத்த தகவல், பாக்கெட் வந்தபோது விற்கிறவர் கைக்குப் போய்விட்டது. அதைச் சட்டம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம். பெரிய பாட்டில் வாங்கக் காசு உள்ளவருக்கு அது ஓரளவு கிடைத்துவிட்டது. சாஷே வாங்குகிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.