அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களில் அக்கசாலைக் குறி

அக்கசாலைக் குறி என்பது, ஒரு நாணயம் எந்த அக்கசாலையில் அடிக்கப்பெற்றது என்பதை அறிவிக்கும்பொருட்டு அதன்மீது பதிக்கப்படும் சிறிய எழுத்தாகும். நாணயத்தின் எடையோ மாற்றோ குறைவுபட்டால் அதற்குப் பொறுப்பாளி இன்ன சாலை என்று நிர்ணயிப்பதே இவ்வழக்கத்தின் மூல நோக்கம்.

வரலாறு: 1793 முதல் செம்புச் சென்ட்டுகளை அடித்துவந்த பிலடெல்பியா சாலை, ஆதியில் நாட்டின் ஏக அக்கசாலையாக இருந்தமையால், எழுத்து எதனையும் பதிக்கவில்லை. கிளைச் சாலைகள் தோன்றிய பின்னரும் சில்லறைக் காசுகளை அடிக்கும் அதிகாரம் பிலடெல்பியாவுக்கே உரியதாயிருந்து, 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தடை நீங்கவே, 1908-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பெற்ற செவ்விந்தியத் தலையுருச் சென்ட்டின் பின்புறத்தில், இலைமாலையின் அடியில், 'எஸ்' என்னும் எழுத்து முதன்முதலாக இடம்பெற்றது. 1909-இல் வெளிவந்த லிங்கன் சென்ட்டில் குறி முகப்புக்கு மாறி, ஆண்டெண்ணின் கீழ் அமைந்தது. 1911-இல் டென்வரின் 'டி' அதனுடன் சேர்ந்தது.

பதிக்கும் முறை: அச்சுகள் யாவும் பிலடெல்பியாவில் தயாராகி, கிளைகளுக்கு அனுப்பப்படுமுன் எழுத்து மட்டும் தனி முளையால் கையாலேயே அடிக்கப்பட்டமையின், அதன் இடமும் சாய்வும் அச்சுக்கு அச்சு வேறுபடும். 1944-இல் 'எஸ்' எழுத்தின்மேல் 'டி' அடிக்கப்பட்ட விசித்திர நாணயமும் இதனால் விளைந்ததே. 1922-இல் டென்வர் மட்டுமே சென்ட் அடித்தது. ஆயினும் தேய்ந்தும் அழுக்கடைந்தும் போன சில அச்சுகளில் 'டி' முற்றும் மறைந்தமையால், பிலடெல்பியாவில் பிறவாத நாணயங்கள் அச்சாலைக்குரிய கோலத்துடன் உலவலாயின.

அபூர்வமும் போலியும்: சிற்பி விக்டர் டேவிட் பிரென்னரின் 'வி.டி.பி.' என்னும் முதலெழுத்துகளுடன் 1909-இல் சான்பிரான்சிஸ்கோ அடித்த சென்ட்டுகள் 4,84,000 மட்டுமே. எனவே அவ்வாண்டுப் பிலடெல்பியா நாணயத்தில் 'எஸ்' எழுத்தை ஒட்டி ஏமாற்றுவோர் உளர். 1944-ஆம் ஆண்டு டென்வர் நாணயத்தின் முதல் நான்கைச் செதுக்கி 1914 ஆக்குவதும் உண்டு. ஆனால் 1918 முதல் லிங்கனின் தோளருகே மீண்டும் இடம்பெற்ற பிரென்னரின் முதலெழுத்துகள் அவ்வஞ்சகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிற்காலம்: சில்லறைத் தட்டுப்பாட்டின்போது சேகரிப்போரின் ஆவலைத் தணிக்கக் கருதி, 1965 முதல் 1967 வரை குறி அறவே நீக்கப்பட்டு, 1968-இல் மீண்டது. அக்கசாலையின் 225-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2017-இல் மட்டும் பிலடெல்பியா தன் சென்ட்டில் 'பி' எழுத்தைப் பொறித்தது.