குயிலும் சண்டியும்

மலாய் மொழியில் இந்துக் கோயிலுக்கு இன்று வழங்கும் பெயர் 'குயில்'. பறவையை நினைக்க வேண்டா. நம் 'கோயில்' என்னும் சொல்லே, கப்பலும் கடையும் அம்மொழிக்குச் சென்றது போலச் சென்று அவ்வாறு திரிந்தது. ஆயினும், கெடாவில் ஜெராய் மலையின் தென்னடிவாரத்தில், சிற்றாறு ஒன்றின் கரையில் நிற்கும் பழங்கோயிலை எவரும் 'குயில்' என்பதில்லை. அது 'சண்டி'. சாவகத்தில் இந்து, பௌத்தப் பழங்கோயில்கள் இரண்டிற்கும் வழங்கும் பெயர் அதுவே. முழுப்பெயர் சண்டி புக்கிட் பத்து பகாட்: உளிபட்ட கல்லின் குன்று. ஜொகூர் நகரோடு இதனை மயங்கற்க.

பெயர்கள் இரண்டாயிருப்பது தற்செயலன்று. 'குயில்' வழிபாடு நிகழும் இடம். 'சண்டி' வழிபாடு நின்றுபோன தொல்லிடம். இவ்வேறுபாட்டை நம் மேடைகள் மறந்துவிடுகின்றன. இது இராசேந்திரன் கட்டிய கோயில் என்று முழங்குவோரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சோழன் கடாரம் கொண்டதை அவன் மெய்க்கீர்த்தி கூறும்; அப்படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. ஆனால் கொண்டது வேறு, கட்டியது வேறு. பட்டினப்பாலை சுட்டும் காழகத்தைக் கடாரம் என நச்சினார்க்கினியர் விளக்கினார். அவ்வுரையை ஏற்பின், நம் வணிகத் தொடர்பு இராசேந்திரனுக்கும் பன்னூறாண்டு முந்தியது. அத்துணைப் பழைய உறவுக்கு ஒரு படையெடுப்பைச் சான்றாக்குவது அதனைச் சிறுமைப்படுத்துவதாகும்.

கட்டடத்தையே கேட்போம். 1936, 1937 ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். 1959–60இல் அலஸ்டர் லாம்ப் மீளக் கட்டுவித்தார். பொதுவாக 11ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இதில் விமானமும் மண்டபமும் தெளிவாகத் தெரிகின்றன. திருமுழுக்கு நீர் வெளியேறும் தூம்பும் உண்டு. இவ்வளவும் நமக்குப் பழகியவை. அகழ்வில் கிடைத்த கற்பேழைகளோ ஒன்பது குழிகள் கொண்டவை; அடித்தளத்தில் பேழை வைப்பது ஆகமமும் அறிந்த மரபே எனினும், இவற்றை ஒத்தவை சாவகத்துச் சண்டிகளில் கிடைத்துள்ளன. மண்டபத்தில் கல்தூண் ஒன்றுகூட இல்லை. தூண்களைத் தாங்கிய கல்லடிகள் மட்டுமே எஞ்சின. தூணும் கூரையும் மரமாதலின் மழையிலும் கறையானிலும் அழிந்தன.

கருவறையின் அமைப்பு கடல் கடந்து வந்ததாகலாம். மேலே எழுந்த மரவேலையோ இந்நிலத்துத் தச்சரின் கைவண்ணம் என்றே கொள்கிறேன். கல்லின்மேல் மரத்தூணை நிறுத்தும் அம்முறையைப் பழைய மலாய் வீடுகளில் இன்றும் காணலாம்.