குளோரின் தாங்கும் சவ்வுகள்

குளோரின் தாங்கும் சவ்வுகள் என்பவை, கிருமிகளைக் கொல்ல நீரில் கலக்கப்படும் குளோரினால் சிதையாமல் உப்பைப் பிரிக்கும் வகையில் வடிவமைக்கப்படும் படலங்களாகும். ஆர்.ஓ. எனப் பரவலாக அறியப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையிலேயே இவற்றின் தேவை மிகுதி.

1950களின் இறுதியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் ஆகியோர் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு, லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் குளோரினைத் தாங்கியது. எனினும் அது கார நீரில் சிதைந்தது, பாக்டீரியாக்களுக்கும் இரையானது. 1970களில் ஜான் கடாட் உருவாக்கிய பாலிஅமைடு மெல்லடுக்குச் சவ்வு, குறைந்த அழுத்தத்தில் மிகுந்த நீரைத் தந்து உப்பையும் நன்கு தடுத்ததால் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அச்சிறப்புக்குக் காரணமான அமைடு பிணைப்பே அதன் பலவீனமும் ஆயிற்று. அப்பிணைப்பில் நைட்ரஜனை ஒட்டியுள்ள ஹைட்ரஜனின் இடத்தைக் குளோரின் பிடித்து, பின்னர் அருகிலுள்ள பென்சீன் வளையத்துக்கு மாற, சங்கிலிகளை இறுக்கிவைத்த ஹைட்ரஜன் பிணைப்புகள் குலைந்து உப்பு கசியத் தொடங்குகிறது; நீரில் இரும்போ செம்போ இருப்பின் இச்சிதைவு விரைவுபடும்.

எனவே ஆலைகளில் நீர் சவ்வை அடையும் முன் சோடியம் பைசல்ஃபைட்டால் குளோரின் நீக்கப்படுகிறது, வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் சவ்வுக்கு முன்னால் கார்பன் வடிகட்டி வைக்கப்படுவதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. காவல் நீங்கிய இந்நீரில் நுண்ணுயிர்கள் பெருகிச் சவ்வின்மேல் வழவழப்பான உயிர்ப்படலமாகப் படிவதும், அதனால் அழுத்தம் கூட்டவும் அடிக்கடி கழுவவும் நேர்வதுமே ஆலைகளின் தீராத் தொல்லை.

குளோரின் தாக்கும் ஹைட்ரஜனே இல்லாத பிப்பரசீன் வகைப் பாலிஅமைடு ஒரு மாற்று. ஆனால் அது சாதாரண உப்பைப் பெருமளவு கடக்க விடுவதால் நானோ வடிகட்டலுக்கே பொருந்துகிறது. அமைடு பிணைப்பையே தவிர்க்கும் சல்ஃபோனேற்றப் பாலிசல்ஃபோன், 2008இல் அமெரிக்க ஆய்வாளர் பென்னி ஃப்ரீமன் குழுவினரின் கட்டுரையால் பெருங்கவனம் பெற்றது. எனினும் நீரில் கால்சியம் இருக்கும்போது அதன் உப்புத் தடுப்புத்திறன் குறைவது அதன் பெருங்குறையாகும். பாலிஅமைடின் மேல் தானே குளோரினை ஏற்றுச் சிதையும் காப்புப்பூச்சு இடுவதும் உண்டு. பூச்சு தீரும்வரையே அது உதவும்.

தாங்குதிறன், குளோரின் செறிவை நேரத்தால் பெருக்கிய அளவால் குறிக்கப்படுகிறது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் செறிவில் 1 மணிநேரமும், 1 மில்லிகிராமில் 1000 மணிநேரமும் இக்கணக்கில் ஒன்றே எனினும் சவ்வுக்கு அவை ஒன்றல்ல. குளோரின் நீரில் எவ்வடிவில் இருக்கும் என்பதை அமில காரத்தன்மையே தீர்மானிப்பதால், அம்மதிப்பைக் குறிப்பிடாத ஆய்வு முடிவுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.